துத்தநாக விரலும் ஜலகண்டாபுரத்துப் பெண்ணும்

1

போன வாரம் ராசிபுரத்துப் பங்காளி ஒருவன் போன் பண்ணினான். பெயர் போட மாட்டேன், படிக்கும்போது அவனுக்கே தெரியும். முதலில் மழை விசாரித்தான். பிறகு என் முட்டிவலி விசாரித்தான். அப்புறம்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான்.

"ஏனுங்கண்ணா, நம்ம பாப்பா ஆராய்ச்சியில என்னமோ தப்புப் பண்ணி மாட்டிக்கிச்சாமா? எழுதுன கட்டுரையத் திருப்பி வாங்க வெச்சுட்டாங்களாமா? பசங்க வாட்ஸாப்புல போட்டிருக்கறானுங்க."

"வாங்க வெச்சாங்களா? ஆருடா சொன்னது?"

"எல்லாரும் பேசிக்கறாங்கண்ணா. நான் ஒண்ணுஞ் சொல்லல."

ஒண்ணும் சொல்லாதவன்தான் அத்தனையும் சொல்லிவிட்டுப் போனை வைத்தான். நான் அன்றைக்கே பேனாவை எடுத்தேன்.

நம் ஊர்க்காரர்கள் போடுகிற ஆண்டு மலருக்கு வருஷம் தவறாமல் வெளிநாட்டுச் சேதி எழுதுகிறவன் நான். கங்காரு எழுதியிருக்கிறேன். காட்டுத் தீ எழுதியிருக்கிறேன். இந்த நாட்டில் பிணத்தை எரிக்கவும் அப்பாயின்ட்மென்ட் வாங்க வேண்டியிருப்பதை எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை என் மகள் மேகலாவைப் பற்றி எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் ஆசிரியர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் கை வைக்க வேண்டாம்.

என்னைத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நான் மல்லசமுத்திரம் பக்கம் பிறந்து, அஞ்சாவதோடு நின்று, போர்வெல் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் பைப் தூக்கப் போனவன். போர் போட்டே ராஜஸ்தானைப் பார்த்தேன், ஆப்பிரிக்காவைப் பார்த்தேன், கடைசியில் ஆஸ்திரேலியாவில் டூவூம்பா என்கிற இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன். இங்கேயும் கறுப்பு மண், சோளக்காடு. பூமிக்குள் தண்ணீர் தேடுகிறவனுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. லைசென்ஸ் ஆபீசில் பரீட்சை எழுதச் சொன்னார்கள். "எழுத வராது, வண்டியைக் கொண்டு வா, போட்டுக் காட்டுகிறேன்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். காட்டினேன். அந்த ஆபீசர் சேற்றோடு சேற்றாக என் கையைப் பிடித்துக் குலுக்கினான். இன்றைக்கு என் பெயர் எழுதின ரிக் மூன்று நிற்கிறது. பெருமைக்குத்தான் சொல்கிறேன். உழைத்தவன் பெருமை பேசாமல் வேறு யார் பேசுவது?

2

மேகலா மூணாவது படிக்கும்போது இங்கே வந்தவள். இன்றைக்கு அவள் பெயருக்கு முன்னால் டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். மலையிறங்கிப் போனால் பிரிஸ்பேன், அங்கே வேலை. மாப்பிள்ளைக்குச் சுரங்கத்தில் ஷிப்ட். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் இவள் மட்டும் பேத்தி மாயாவைக் கூட்டிக்கொண்டு வருவாள். மேகலாவுக்குப் பசி எடுத்தால் தமிழ் வரும், கோபம் வந்தால் இங்கிலீஷ் வரும். மாயாவுக்குப் பசியும் இங்கிலீஷில்தான்.

அவள் ஆராய்ச்சி என்னவென்று நான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நம் உடம்பில் புரோட்டீன் என்று ஆயிரக்கணக்கில் வேலையாட்கள். அதில் ஒரு கூட்டத்துக்குத் துத்தநாக விரல் புரோட்டீன் என்று பெயர். துத்தநாகம் என்றால் வேறொன்றுமில்லை, மரவள்ளி வெளுத்துப் போனால் ஜிங்க் என்று வாங்கிப் போடுகிறோமே, அதுதான். அந்தப் புரோட்டீன் மடிப்பு மடிப்பாக, விரல் மாதிரி இருக்குமாம். ஒவ்வொரு மடிப்பும் பிரிந்து போகாமல் ஒரு துத்தநாக அணு இழுத்துப் பிடித்திருக்குமாம். அந்த விரல்களால் மரபணு நூலைப் பிடித்து, இந்த வேலையை ஓட்டு, அந்த வேலையை நிறுத்து என்று அதிகாரம் பண்ணுமாம். மனுஷ உடம்பில் இந்த வகையே நூற்றுக்கணக்கில் இருக்கிறது. எல்லாம் ஒரே சாடை. குலதெய்வம் கோயில் கிடாவெட்டில் பந்தியில் உட்கார்ந்த பங்காளிகள் மாதிரி, யார் யாரென்று சொல்ல முடியாது.

அந்தப் பந்தியில் ஒரே ஒரு ஆளை மட்டும் அடையாளம் காட்ட வேண்டும். அதற்குத்தான் ஆன்டிபாடி. கம்பெனிக்காரன் அந்தப் புரோட்டீனில் ஒரு துண்டைச் செய்து முயலுக்கு ஊசி போடுவான். முயலின் உடம்பு அதை எதிரி என்று நினைத்து, அதைப் பிடிக்க ஆள் தயார் பண்ணும். முயல் ரத்தத்தை எடுத்து, வடித்து, சுண்டுவிரல் நுனி அளவு பாட்டிலில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து உலகம் முழுக்க விற்பான். அந்த மருந்தை ஊற்றினால் அது போய் அந்த ஒரு புரோட்டீனில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டின இடத்தில் கறுப்புக் கோடு தெரியும். கோடு இருந்தால் ஆள் இருக்கிறான், இல்லாவிட்டால் இல்லை.

மேகலா இந்தப் பாட்டிலை நம்பித்தான், சர்க்கரை வந்து கிட்னி கெடுகிறவர்களுக்கு இன்ன துத்தநாக விரல் புரோட்டீன் கூடிப் போகிறது என்று கட்டுரை எழுதினாள். நல்ல பேர். கை தட்டினார்கள். அதை வைத்து அடுத்த ஆராய்ச்சிக்கு உதவித்தொகை வந்தது, அவள் வேலையும் அதன் மேல்தான் நின்றது.

அப்போதுதான் சேலத்திலிருந்து ஒரு மெயில். சுகன்யா என்று ஒரு பெண். ஜலகண்டாபுரத்துத் தறிக்கார வீட்டுப் பிள்ளை, சேலத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி பண்ணுகிறது. மேகலா கண்டுபிடித்ததை நம் பக்கத்துச் சர்க்கரை நோயாளிகளிடம் பார்க்க ஆசைப்பட்டு, அதே பாட்டிலை வாங்கியிருக்கிறது. "மேடம், அந்தப் புரோட்டீன் இருக்கவே கூடாத செல்லிலும் எனக்குக் கோடு வருகிறது. நான் எங்கே தப்புப் பண்ணுகிறேன் என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டிருந்தது.

பதில் போகவில்லை. மறுபடி மெயில் வந்தது. மறுபடியும் வந்தது. கடைசி மெயிலில் படமும் வைத்து, "என் ஆராய்ச்சி கைடு மேடம், என் கை சரியில்லை, சாம்பிளைக் கலந்துவிடுகிறேன் என்கிறார். இந்த வருஷத்தோடு என்னை நிறுத்திவிடப் போகிறார்" என்று எழுதியிருந்தது.

அந்தப் படம்தான் மேகலாவை உறுத்தியது. புரோட்டீனைச் செய்கிற மரபணுவையே வெட்டி எடுத்த செல் விற்கிறார்களாம். அதை வரவழைத்து, அதன் மேல் அதே பாட்டிலை ஊற்றினாள். ஆளே இல்லாத வீடு அது. கோடு வரக் கூடாது.

கோடு வந்தது. குண்டு குண்டாக, கறுப்பாக வந்தது. பாட்டில் இத்தனை காலமும் காட்டிக் கொடுத்தது வேறொரு பங்காளியை.

3

இதைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. நம் தோட்டம் காடுகளில் நீரோட்டம் பார்க்கிறேன் என்று உள்ளங்கையில் தேங்காயோடு வருகிறவர்களை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! தண்ணீர் உள்ள இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கிறதா என்று நான் பார்க்க மாட்டேன். முதலில், போர் போட்டுத் தண்ணீர் வராமல் வெறும் புழுதியாகக் கிளம்பி, மண் தள்ளி மூடின இடத்தின் மேல் அவரை நடக்க விடுவேன். அங்கேயும் தேங்காய் எழுந்து நின்றால், டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றி விடுவேன்.

மேகலாவிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டாள். "அதேதானுங்கப்பா நானும் பண்ணுனது. ஆனா, முதல்லயே பண்ணியிருக்கோணும்."

"நீ ஏஞ்சாமி பண்ணோணும்? வித்தவனல்ல பண்ணியிருக்கோணும்?"

"அவங்க பண்ணல. நானும் கேக்கல."

அவள் பேராசிரியர் என்ன சொன்னார் தெரியுமா? "இனிமேல் வேறு ஆன்டிபாடிக்கு மாறிக்கொள்ளலாம், பழையதைக் கிளற வேண்டாம், உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற நேரம்" என்றாராம். படித்த மனுஷன்!

அதைவிடப் பெரிய அக்கிரமம் ஒன்று இருந்தது. மேகலா கம்ப்யூட்டரில் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து காட்டினாள். பாட்டில் படம். அதன் கீழே, இந்தப் பாட்டில் வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரமாக ஒரு கட்டுரை. யாருடைய கட்டுரை? என் மகளுடையது! என் பொண்ணு பேரை விளம்பரப் பலகையில் எழுதி வைத்துக்கொண்டு இவர்கள் முயல் ரத்தம் விற்கிறார்கள். சுகன்யாவும் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறது. ரத்தம் கொதிக்குமா கொதிக்காதா?

மேகலா கம்பெனிக்குப் புகார் எழுதினாள். கேள்வி கேள்வியாகத் திருப்பிக் கேட்டார்கள். சரியான குளிரில் வைத்தீர்களா, எவ்வளவு தண்ணீர் கலந்தீர்கள், கழுவினது எத்தனை தடவை. பொருள் கெட்டது என்று போனால், கெடுத்தது நீதானே என்று கேட்பதற்கு ஒரு படிவம் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் பாறை துளைக்கிற டிரில் பிட் பல் உடைந்து வந்தால், கடைக்காரன் கையில் வாங்கிப் பார்த்து, "அண்ணா, சரக்கு சரியில்ல, வேற எடுத்துக்குங்க" என்பான். இல்லாவிட்டால் அவன் சந்தையில் கடை வைக்க முடியாது.

அவளுக்குத் தெரியாமல் நானே போன் போட்டேன். ஒன்றை அமுக்கு, நாலை அமுக்கு என்றார்கள். பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். கடைசியில் ஒரு பையன் வந்தான். எனக்கு அவசரத்தில் இங்கிலீஷ் எங்கெங்கோ ஓடும். "உன் பாட்டில் பொய்க்காரன்" என்றேன். அவன் குரல் மாறாமல், "நீங்கள் அப்படி உணர்வதற்கு வருந்துகிறேன்" என்றான்.

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்த வார்த்தை எனக்கு ஆகாது. பேங்கில் சொல்வார்கள், கவுன்சிலில் சொல்வார்கள். பொய் சொன்னது அவன் பாட்டில். உணர்ச்சி மட்டும் என்னுடையதாம், அதற்கு இவன் வருந்துவானாம். "நான் ஒண்ணும் உணரல தம்பி, கண்ணால பாத்தேன்" என்று தமிழிலேயே கத்திவிட்டு, என் போன் நம்பரைக் கொடுத்து வைத்தேன்.

4

ரெண்டு நாள் கழித்து ஒரு போன். இங்கிலீஷில் ஆரம்பித்தவன் நான் பேசுவதைக் கேட்டு நிறுத்தினான்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. நீங்க நாமக்கல் பக்கமா?"

"திருச்செங்கோடுங்க. நீங்க?"

"நமக்கு வாழப்பாடி ஐயா. தினகரன்னு பேரு. இந்தக் கம்பெனிக்கு இந்தப் பக்கம் பூரா நான்தான் சேல்ஸ் பார்க்கிறேன்."

அப்படியே கோபம் பாதி இறங்கிவிட்டது. மறைக்காமல் சொல்கிறேன். கடல் தாண்டி வந்தவனுக்கு வாழப்பாடி என்கிற வார்த்தை காதில் விழுந்தால் அப்படித்தான் இருக்கும். "சனிக்கெழமை ஊட்டுக்கு வாங்க, பேசுவோம்" என்றேன்.

வந்தான். ஒல்லியான பையன், தலை முன்பக்கம் ஏறிப் போயிருந்தது. என் வீட்டுக்காரி அரிசியும்பருப்புச் சோறு ஆக்கி, கத்தரிக்காய் பொரித்து வைத்தாள். சாப்பிடச் சாப்பிடப் பேசினான். அவன் சம்சாரம் வேலை தேடிக்கொண்டிருக்கிறாள், பையன் தமிழ் பேசினால் சிரிக்கிறான், ஆத்தூர் ரோட்டில் கட்டின வீடு பூட்டியே கிடக்கிறது. என் வீட்டுக்காரி அவன் தட்டில் நெய் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"ஐயா, நான் மேல பேசிட்டேன்" என்றான் கை கழுவி வந்து. "மேகலா அக்கா லேபுக்கு வேற பாட்டில் மாத்திக் கொடுத்துடறோம். ஒரு வருஷத்துக்கு எங்க சாமான் எதுவானாலும் சும்மா தர்றோம். எங்க பக்கத்துல இருந்து அக்கா கட்டுரையை எடுத்துடறோம். அக்கா ஒண்ணே ஒண்ணு செய்யணும். இந்தப் பாட்டில் நம்பரைப் போட்டு எங்கேயும் எழுத வேண்டாம். டெக்னிக்கல் கோளாறுன்னு பொதுவா விட்டுடலாம்."

நான் யோசித்தேன். மேகலா கட்டுரையைக் கிளற வேண்டியதில்லை. பேராசிரியரும் சந்தோஷப்படுவார். வேலை நிற்கும். விற்றவன் என் வீடு தேடி வந்து, என் பந்தியில் உட்கார்ந்து, தப்பை ஒத்துக்கொண்டான். வியாபாரத்தில் இதற்கு மேல் ஒருவனை என்ன பண்ண முடியும்? ரிக் தொழிலில் எத்தனை வழக்கை நான் இப்படித்தான் பேசி முடித்திருக்கிறேன். கோர்ட்டுப் படி ஏறினதே இல்லை.

"அம்மிணி, வெத்தலை இருக்குதா?" என்று உள்ளே கேட்டேன். இந்தியக் கடையில் வாங்கின வாடின வெற்றிலை ஃபிரிட்ஜில் இருந்தது. பாக்கோடு வைத்து ரெண்டு பேரும் மாற்றிக்கொண்டோம். நம் பக்கத்தில் வெற்றிலை மாற்றினால் பேச்சு முடிந்தது. கல்யாணமானாலும் சரி, காட்டு விலையானாலும் சரி, அதற்கு அப்புறம் யாரும் நாக்கைப் புரட்ட மாட்டார்கள். நான் புரட்டினதே கிடையாது. இதுவும் பெருமைதான்.

தினகரன் கிளம்பும்போது, "வர்றேன் ஐயா" என்றான்.

"வாரேன்னு சொல்லு. வாழப்பாடி தாண்டுனா நாக்கு மாறிப் போயிருதே" என்று கேலி பண்ணி அனுப்பினேன்.

5

மறுநாள் மேகலா வந்தாள். வாசலிலேயே நின்று, "பேசி முடிச்சுட்டேன் சாமி!" என்றேன்.

"என்னங்கப்பா முடிச்சீங்க?"

சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. அப்புறம் இங்கிலீஷ் ஆரம்பித்தது. அதில் எனக்குப் புரிந்தது பாதி, அந்தப் பாதியே போதும். நீங்கள் யார், யார் உங்களைக் கேட்டது, இது என் வேலை, என் பெயர் என்று. மாயா பெரியவர்களைப் பார்த்துவிட்டு மெல்ல மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "ஏம்மா, உன்ற நல்லதுக்குத்தானே பேசுனேன்? அவன் தப்ப ஒத்துக்கிட்டான். சாமான் சும்மா குடுக்கறான். உன்ற சோலி நிக்கும். இன்னும் என்ன வேணும் உனக்கு?"

அவள் தமிழில் கேட்டாள். "நீங்க பேசி முடிச்சதுல சுகன்யா எங்கிங்கப்பா இருக்கா?"

"எந்தச் சுகன்யா?"

"ஜலகண்டாபுரத்துப் பொண்ணு."

எனக்குச் சத்தியமாக அந்தப் பெண் ஞாபகத்திலேயே இல்லை. சமாளித்தேன். "அவளுக்கும் ஒரு பாட்டில் வாங்கிக் குடுத்தர்லாம். தினகரன் நம்ம ஊர்ப் பையந்தானே, சொன்னாக் கேப்பான்."

"அவளுக்குப் பாட்டில் வேண்டாம். அவ கை சரியா இருக்குதுன்னு நான் எழுதோணும். பாட்டில் நம்பர் போடாம எப்பிடி எழுதறது? இந்தப் பாட்டில் பொய்யின்னு சொல்லாம, அவ சொன்னது நெசம்னு எப்பிடிச் சொல்றது?"

"அப்ப உன்ற கட்டுரை?"

"போகும்."

"வேலை?"

"அதும் போகும்னு நினைக்கறேன்."

"போகும், போகும்னு எவ்வளவு சுலபமாச் சொல்ற! நான் என்ன, உன்னையக் கஷ்டம் தெரியாம வளத்துப் போட்டனா?" என்று கத்தினேன். "தப்பு அவன் பண்ணுனான். நீ எதுக்கு உன்ற ஊட்டுக் கூரைய நீயே பிரிக்கற? ஊர்ல எவனாச்சும் கேப்பானா, பாட்டில் பொய்யா, பொண்ணு பொய்யான்னு? உன்ற பேருதான் கெடும்!"

அதுவரைக்கும் அடுப்படியில் இருந்த என் வீட்டுக்காரி கரண்டியோடு வெளியே வந்தாள். அவள் ஜாஸ்தி பேசுகிறவள் இல்லை.

"ஏனுங்க, நேத்து வெத்தலை மாத்துனீங்களே. அந்தப் புள்ளைக்கு ஆருகிட்டச் சொல்லியுட்டீங்க?"

"அவ எங்கியோ சேலத்துல இருக்கறா. அவள எப்பிடிக் கூப்பிடறது?"

"அப்ப அவ கேசை நீங்க எப்பிடி முடிச்சீங்க?"

எனக்கு நம் பக்கத்தில் பார்த்த ஒரு பஞ்சாயத்து ஞாபகம் வந்தது. போர் போடப் போன காட்டில் அண்ணன் தம்பிக்குள் கிணற்றுப் பங்கு பேசினார்கள். பகல் தண்ணீர் அண்ணனுக்கு, ராத்தண்ணீர் தம்பிக்கு. எல்லாருக்கும் திருப்தி. வெற்றிலை மாற்றிக் கிடா அடித்தார்கள். புருஷனை இழந்து தாய் வீட்டோடு வந்திருந்த அக்காவுக்குச் சேர வேண்டிய பங்கை யாரும் பேசவில்லை, அவளைக் கூப்பிடவும் இல்லை. அந்த அம்மா மறுநாள் குடத்தோடு வந்தபோது, "பேசி முடிச்சாச்சு, போ" என்றார்கள். அன்றைக்கு நான் ரிக் மேல் நின்றுகொண்டு, இது என்ன நியாயம் என்று வாய்விட்டுத் திட்டினேன். என்னோடு இருந்த ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். இப்போது நான் செய்து வைத்தது அதே நியாயம். கோபம் வந்தது. யார் மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, எல்லார் மேலும் வந்தது.

மேசைக்கு அடியிலிருந்து மாயா தலையை நீட்டி, தாத்தா, நீ மாட்டிக்கொண்டாயா என்று அதன் பாஷையில் கேட்டது.

6

திங்கட்கிழமை ரிக்கை எடுத்துக்கொண்டு ஆட்கள் போன பிறகு, ஷெட்டில் நின்று தினகரனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, பேச்சு செல்லாது. பாப்பா நம்பர் போட்டு எழுதப் போகுது."

"என்னங்க ஐயா, வெத்தலை மாத்தினோமே."

"மாத்துனோம். சேர வேண்டிய ஆளை உட்டுப்போட்டு மாத்துனோம். சேலத்துல ஒரு புள்ளைய உங்க பாட்டில் கை சரியில்லாதவளாக்கி வெச்சிருக்குது. அவ வராம இது முடியாது."

"நான் மேல சொல்லிட்டேனே ஐயா, முடிஞ்சுதுன்னு. எனக்குத்தானே கெட்ட பேரு? உங்களை மாதிரி பெரியவங்க சொன்ன சொல்லு மாறலாமா?"

இந்த வயசில் ஒருத்தன் என்னைப் பார்த்து அப்படிக் கேட்டான். கேட்கிற உரிமை அவனுக்கு இருந்தது.

"மாறிட்டேன்டா தம்பி. திருச்செங்கோட்டுக்காரன் சொல்லு மாறிட்டான்னு ஊரெல்லாஞ் சொல்லு. நானே சொல்றேன்."

அவன் வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. குரலை இறக்கி, "ஐயா, ஒண்ணு சொல்றேன், என் பேரை இழுக்காதீங்க. இந்தப் பாட்டிலைப் பத்தி வேற லேபுலயும் சொன்னாங்க. நான் மேல எழுதினேன். விக்கிறவரைக்கும் விக்கட்டும்னு பதில் வந்துச்சு" என்றான்.

அவன் கேட்டுக்கொண்டபடி இந்தக் குறிப்பில் அவன் பெயரையும் ஊரையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பதிலை எழுதாமல் விட மாட்டேன். விற்கிறவரைக்கும் விற்கட்டுமாம். தேங்காயோடு வருகிறவராவது தன் தேங்காயைத் தான் நம்புவார். இவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஐஸ் போட்டு அனுப்புகிறார்கள்.

மேகலா எழுதினாள். என் முடிவு தவறு, இன்ன நம்பர் பாட்டில் இன்ன புரோட்டீனைப் பிடிப்பதில்லை, இதை முதலில் கண்டு சொன்னவர் சேலத்து ஆராய்ச்சி மாணவி சுகன்யா என்று, தன் கையெழுத்துப் போட்டு, கட்டுரையைத் தானே திருப்பி வாங்கிக்கொண்டாள். யாரும் வாங்க வைக்கவில்லை. ராசிபுரத்தில் இருக்கிறவர்கள் இந்த வரியை ரெண்டு தடவை படிக்கவும்.

நடந்ததைச் சொல்கிறேன். கம்பெனி சத்தமில்லாமல் அவள் பெயரைத் தன் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டது. பாட்டில் இன்னும் அங்கேயே இருக்கிறது, கூடையில் போடு என்கிற பொத்தானோடு. பேராசிரியர் அவள் நேர்மையைப் பாராட்டி நீளமாக ஒரு மெயில் போட்டார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பாராட்டும் பணிநீக்கமும் ஒரே மெயிலில் அனுப்புகிற கலையை இந்த நாட்டில்தான் கற்றுக்கொள்ள வேண்டும். மேகலா இப்போது வேறு இடத்துக்கு மனுப் போட்டுக்கொண்டிருக்கிறாள். நேர்முகத்தில் முதலில் கேட்பது அந்தக் கட்டுரையைப் பற்றித்தானாம்.

கட்டுரையைத் திருப்பி வாங்கின அறிவிப்பு வெளிவந்த வாரம், என் வீட்டில் வைத்துத்தான் சேலத்துக்குப் போன் பண்ணினாள். தமிழில் பேச வேண்டும் என்பதால் காரில் வரும்போதே வார்த்தை வார்த்தையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். போனை மேசை மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். எடுத்தது சுகன்யாவின் கைடு அம்மா. குரலிலேயே அதிகாரம்.

"மேடம், நீங்க என்னோட கட்டுரையை நம்பி, சுகன்யா மேல தப்புன்னு சொன்னீங்க. தப்பு என்னோடதுல இருந்துச்சு. அவங்க கை சரியாத்தான் இருக்கு. எழுத்திலயும் அனுப்பியிருக்கேன்."

"பார்த்தேன்" என்றார் அந்த அம்மா. நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "இங்கதான் நிக்கிறா. அவகிட்டயே சொல்லுங்க."

"வணக்கங்க மேடம்." சின்னக் குரல்.

"சுகன்யா, என்னை மன்னிச்சிருங்க."

அந்தப் பெண் கேட்டது. "மேடம், நான் மூணு மெயில் போட்டனுங்க. உங்களுக்கு வரலீங்களா?"

வரவில்லை, வேறெங்கோ போய் விழுந்துவிட்டது என்று சொன்னால் முடிந்தது. இந்த ஊரில் எல்லாரும் சொல்கிற சாக்கு அது. மேகலா தடுமாறினாள். எடுத்துக் கொடுக்கலாம் என்று நான் வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரி என் கையைப் பிடித்து அமுக்கினாள்.

"வந்துச்சு" என்றாள் மேகலா. "எல்லாம் படிச்சேன். உங்களை நம்பல."

"நானும் என்னைய நம்பலீங்க மேடம்" என்றது அந்தப் பெண். "அந்தக் கோடு வராம இருக்கறதுக்கு என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டு இருந்தனுங்க."